விடயம் ஐந்து

தேத்தண்ணி வந்தபிறகுதான் ஐந்துக்கு வந்தார்கள்.
பணிப்பாளர்கள் ஏழு பேர்,
அதில் ஒருவர் கொழும்பிலிருந்து, திரையில்.
அவருடைய வாய் அசைந்து முடிந்தபின் குரல் வரும்.
நான் கம்பனிச் செயலாளர்.
வாக்கில்லை எனக்கு, பேனை மட்டும்.

உள்ளகக் கணக்காய்வாளர் சபேசினி எழுந்து
மூன்று கடித உறைகளை மேசையில் வைத்தாள்.
மண்டூர், வெள்ளாவெளி, பாலையடிவட்டை,
ஒவ்வொன்றிலும் ஒரு பிடி நெல்.
"எங்கட மானியில பதினாறு.
திணைக்களத்து மானியில பதினாலரை.
பன்னிரண்டு மானியிலயும் அதே ஒன்றரை.
பழுதெண்டா ஒண்டுக்கொண்டு மாறும், ஐயா.
இது மாறல்ல."

ஒன்றரைப் புள்ளி ஈரத்துக்கு
மூடைக்கு ரெண்டு கிலோ கழிவு.
பெரும்போகத்தில் நாற்பத்தோராயிரத்து முந்நூறு மூடை.
பெருக்கிப் பார்க்க யாரும் போனை எடுக்கவில்லை.

தவிசாளர் நவரெத்தினராசா கெட்ட மனிதர் இல்லை.
வெள்ளம் வந்த வருடம் ஆலைக் கதவைத் திறந்து
அறுபது குடும்பத்தைப் படுக்க வைத்தவர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:
"பிழை எண்டு போடாதீங்க, பிள்ள.
வேறுபாடு எண்டு போடுங்க.
வேறுபாடு அவதானிக்கப்பட்டது."

செயப்பாட்டு வினை எவ்வளவு வசதியான நாற்காலி!
அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று
கடைசிவரை தெரியாது.

பிறகு விடயம் ஆறு, சமூகப் பொறுப்பு.
படுவான்கரையில் ஒன்பது பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகப்பை,
முதுகில் எங்கள் நெற்கதிர்ச் சின்னம்.
ஏகமனதாக நிறைவேறியது.
திரையிலிருந்தவர் கைதட்டியது
நாங்கள் நிறுத்தியபிறகு கேட்டது.

கொள்வனவு முற்றத்தில் ஒருநாள் நின்றிருக்கிறேன்.
லாண்ட்மாஸ்டரில் பதினெட்டு மூடையோடு வந்த தெய்வேந்திரம்
ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார்.
டக்.
"காஞ்ச நெல்லு மனே, சத்தத்தக் கேளன்."
மானி வைத்திருந்த பொடியன் எண்ணைக் காட்டினான்:
பதினாறு தசம் இரண்டு.
தெய்வேந்திரம் அதைப் பார்த்தார்.
பிறகு நாக்கால்
தன் பல்லைத் தடவிப் பார்த்தார்.

களவெட்டியில் முதல் மரக்காலை
ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்பார்கள்.
லாபம், ரெண்டு, மூன்று.
எங்கள் ஆண்டறிக்கையும் அப்படித்தான் தொடங்கும்.
என்ன, அங்கே அளந்து கொட்டும்போது
எல்லோரும் சுற்றி நிற்பார்கள்.

சுத்தமானவள் மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன்.
சித்திரைக்கு எனக்கு வந்த போனஸ்
அந்த ஒன்றரையிலிருந்தும் வந்தது.
களுவாஞ்சிகுடியில் என் குசினி மூலையில்
இரண்டு கதவுள்ள ஃபிரிட்ஜாக நிற்கிறது,
இரவில் முனகுகிறது.

இப்போது எட்டேகால்.
பஸ் போய்விட்டது, தம்பி மோட்டார்சைக்கிளில் வருவான்.
கணினியில் கூட்டக்குறிப்பு திறந்திருக்கிறது.
5.1 வேறுபாடு அவதானிக்கப்பட்டது.
அழிக்கிறேன்.
5.1 பன்னிரண்டு ஈரமானிகளும் ஒன்றரைப் புள்ளி கூட்டிக் காட்டின.
5.2 கம்பனி கூடுதலாகக் கழித்த நெல்
எண்பத்திரண்டாயிரத்து அறுநூறு கிலோ.
5.3 விவசாயிகளுக்கு அதைத் திருப்பிக் கொடுப்பது பற்றி

விரல் நிற்கிறது.
பேசியதைத்தான் குறிப்பில் எழுதலாம்.
பேசாததை எழுதினால் அது குறிப்பல்ல, முறைப்பாடு.
அடுத்த கூட்டத்தில் இதைத்தான் சொல்லப்போகிறார்கள்.
சட்டத்தில் அதற்கு இடமும் இருக்கும்.
அதற்கடுத்த கூட்டத்துக்கு
வேறொரு செயலாளர் வரவும் கூடும்.

சபேசினி விட்டுப்போன உறையில்
வெள்ளாவெளி நெல் கிடக்கிறது.
ஒரு மணியை எடுத்துக் கடிக்கிறேன்.
டக்.
ஆளில்லாத அலுவலகத்தில் பெரிதாகக் கேட்கிறது.
உமியைத் துப்பிவிட்டு எழுதுகிறேன்:
பேசப்படவில்லை.

இதுவும் செயப்பாட்டு வினைதான்.
ஆனால் பக்கத்தின் தலைப்பில்
சமுகமளித்தோர் என்ற சொல்லுக்குக் கீழே
ஏழு பெயர்கள் இருக்கின்றன.
எட்டாவதாய்
என்னுடையதும்.